ஆளில்லாத தெருவை எடுத்தவர்கள்

வந்த கேள்வியின் சுருக்கம் இது: "லெபனானின் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1991இல் அதன் தலைநகர் பெய்ரூட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தேன். சல்லடையாகத் துளைத்த கட்டடங்கள், வெறிச்சோடிய தெருக்கள். மனிதர்களையே காணோம். பார்க்க அழகாக இருக்கின்றன, அதுதான் உறுத்துகிறது. செத்தவர்களை விட்டுவிட்டுச் சுவரைப் படமெடுப்பது சரியா? போரில் சிதைந்த ஊரை எடுக்கப் போகிறவர் என்ன செய்ய வேண்டும்?"

கட்டடக் கலைஞர்களுக்காகக் கட்டடங்களைப் படமெடுப்பது என் பிழைப்பு. பெய்ரூட்டுக்கு நான் போனதில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் படங்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவற்றைப் பார்த்துப் படித்தது. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தெருக்கள் ஏன் காலியாக இருந்தன என்பது. நிறைய பேர் அதைக் கேமரா வித்தை என்று நினைக்கிறார்கள். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் நடமாடுகிறவர்கள் படத்தில் பதியாமல் கரைந்துபோவார்கள், அப்படித்தான் எடுத்திருப்பார் என்று ஒரு மாணவர் என்னிடம் அடித்துச் சொன்னார். மத்தியதரைக் கடல் வெயிலில் அதற்கெல்லாம் அவசியமே வராது. லென்ஸ் துவாரத்தை எவ்வளவு சுருக்கினாலும் ஒரு நொடிக்குள் வேலை முடிந்துவிடும். தெரு உண்மையிலேயே காலியாக இருந்தது, அவ்வளவுதான். 1975 ஏப்ரலில் தொடங்கிய சண்டை ஊரை கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்தது. பிளந்த கோடு தியாகிகள் சதுக்கத்தில் ஆரம்பித்து டமாஸ்கஸ் சாலை வழியாகத் தெற்கே இறங்கியது. அரபியில் அதை 'குதூத் தமாஸ்' என்பார்கள், இரண்டு தரப்பும் உரசிக்கொள்ளும் கோடுகள் என்று பொருள். வெளியுலகம் அதைப் பசுமைக் கோடு என்றது. ஆள் நடமாட்டம் நின்றுபோன தெருவில் தார்ச் சாலையைப் பிளந்துகொண்டு செடியும் மரமும் கிளம்பியதால் வந்த பெயர் என்பார்கள். கடைவீதியும் வங்கியும் சினிமாக் கொட்டகையும் பஸ் நிலையமும் இருந்த ஊரின் நடுப்பகுதி, பதினைந்து வருடம் துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டுமே உரிய இடமாகிப்போனது. நம் ஊரில் ஒரு பெரிய கடைவீதியைப் பதினைந்து வருடம் பூட்டிவைத்து, அதன் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்து சுட்டுக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1989 அக்டோபரில் சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் சமாதான ஒப்பந்தம் ஆனது. மறு அக்டோபரில் கடைசிப் பெரிய சண்டையும் ஓய்ந்தது. 1991இல் ஆயுதக் குழுக்கள் பெரும்பாலும் கலைக்கப்பட்டு, மக்கள் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த வருடம்தான் தொமினிக் எத்தே என்ற லெபனான் எழுத்தாளர் ஆறு புகைப்படக்காரர்களை வரவழைத்தார். ஊரின் நடுப்பகுதியை, அது இப்போது இருக்கிற நிலையிலேயே பதிவுசெய்து தாருங்கள் என்பது வேண்டுகோள். அந்தப் படங்கள் மறு வருடம் புத்தகமாக வந்தன.

ஆறு பேரும் ஆறு திசை. இத்தாலியின் கப்ரியேலே பாசிலிக்கோ, பிரான்சின் ரேமோன் தெபார்தோன், செக் நாட்டின் யோசெஃப் கூதெல்கா, சுவிட்சர்லாந்தின் ரெனே பூரி, சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்கா போன ராபர்ட் ஃபிராங்க், அப்புறம் லெபனானிலிருந்தே ஃபுவாத் எல்கூரி. ஆறில் ஒருவர்தான் ஊர்க்காரர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூதெல்கா 1968இல் பிராகாவுக்குள் சோவியத் டாங்குகள் நுழைந்ததை எடுத்தவர். பெய்ரூட்டில் அகலவாக்கில் நீண்ட பனோரமாப் படங்களாக எடுத்தார். தெபார்தோன் போர் நடந்துகொண்டிருந்த 1978லேயே அங்கே வந்து எடுத்தவர். ஃபிராங்க் உடனே கையில் வரும் போலராய்டு படங்களை ஒட்டிச் சேர்த்து ஒரு நாட்குறிப்பு மாதிரி செய்தார். நீங்கள் பார்த்தது, நீங்கள் விவரித்ததை வைத்துச் சொன்னால், பாசிலிக்கோவின் படங்கள். மற்றவர்களை விட்டு அவரைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் உறுத்தல் முழுக்க அவர் வழியைப் பற்றியது.

பாசிலிக்கோ கட்டடக் கலை படித்தவர், மிலான்காரர். பெய்ரூட்டுக்கு முன்பு அவர் பெயர் வாங்கியது மிலானின் தொழிற்சாலைகளை எடுத்து. மூடிய ஷட்டர் கதவு, வெள்ளைச் சுவர், கூர்மையான நிழல், ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு வெறுமை. அதே கண்ணைத்தான் பெய்ரூட்டுக்கும் கொண்டுபோனார். போர்க்களத்துக்கென்று தனியாக ஒரு கண்ணை மாட்டிக்கொள்ளவில்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அவர் பயன்படுத்தியது பெரிய ஷீட் ஃபிலிம் போடும் கேமரா. இந்தக் காலத்தில் அதைப் பார்த்தவர்களே குறைவு என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முன்னால் ஒரு பலகையில் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒரு துருத்தி. முக்காலி இல்லாமல் வேலை ஆகாது. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு குனிந்தால் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். அப்புறம் ஃபிலிம் தட்டைச் செருகி, மூடியை உருவி, ஒரே ஒரு படம். அடுத்த படத்துக்கு எல்லாம் முதலிலிருந்து. ஒரு நாளைக்கு எத்தனை எடுக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் இரண்டு லாபம். ஒன்று, துருத்தியில் லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்கலாம். சாதாரணக் கேமராவை உயரமான கட்டடத்தைப் பார்த்து அண்ணாந்து பிடித்தால் அது பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். இங்கே கேமரா நேராகவே நிற்கும், லென்ஸ் மட்டும் உயரும், கட்டடம் செங்குத்தாக நிற்கும். இடிந்த கட்டடத்தை எடுக்கும்போது இது வெறும் அழகுச் சமாச்சாரம் இல்லை. சுவர் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா, அல்லது கேமராவை அண்ணாந்து பிடித்ததால் சாய்ந்ததா என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமே. கேமராவால் ஒரு சாய்வும் நேராதபோதுதான் குண்டு உண்டாக்கிய சாய்வு தெரியும்.

இரண்டாவது லாபம் விவரம். அந்த அளவு நெகட்டிவில் இருந்து ஆளுயரப் பிரதி போட்டாலும், மூன்றாம் மாடி ஜன்னலில் தொங்கும் திரைக் கம்பியும் கடைப் பலகையின் எழுத்தும் படிக்கக் கிடைக்கும். தையல் கடையா, பயண முகவர் அலுவலகமா என்று தெரியும். செய்தித்தாளுக்காக ஓடிக்கொண்டே எடுக்கிற படத்தில் அழுகிற முகம் கிடைக்கும், கடைப் பெயர் கிடைக்காது. இரண்டும் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது.

வெளிச்சத்தையும் பாருங்கள். மெல்லிய மேக வெளிச்சத்தில் குண்டுத் துளைகள் அம்மைத் தழும்பு மாதிரி மங்கலாகிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயிலில் ஒவ்வொரு துளையின் ஆழமும் தன் நிழலால் தெரியும். சிமெண்டுப் பூச்சில் பட்ட துப்பாக்கிக் குண்டு ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி பெயர்த்திருக்கும். பீரங்கி ஷெல் பட்ட இடம் வேறு மாதிரி, கம்பி வெளியே வந்து வளைந்து நிற்கும். ஒரே முகப்பில் இரண்டாம் மாடி ஜன்னலைச் சுற்றி மட்டும் துளைகள் குவிந்திருந்தால், அந்த ஜன்னலுக்குள் ஒருவன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான், எதிர்ப்பக்கத்தான் அவனையே குறிவைத்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். மனிதர்கள் இல்லை என்றீர்களே, இப்படிப் படிக்கத் தெரிந்தால் அந்தச் சுவர் முழுக்க மனிதர்கள்தான். ஆனால் இப்படிப் படிக்கக் கொடுக்கிற அளவுக்குப் படம் கூர்மையாக இருக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்வியின் கனமான பாதிக்கு வருகிறேன். சுவரை எடுத்ததால் என்ன பயன்?

1991ஐ மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஆகஸ்ட் 26 அன்று பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. போர்க்காலக் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு இனிமேல் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 7 அன்று இன்னொரு சட்டம், 117ஆம் எண். நடுப்பகுதியின் நிலத்தை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்து, சொந்தக்காரர்களுக்கும் வாடகைக்காரர்களுக்கும் இடத்துக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம் கொடுக்க வழிசெய்தது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடைப்பட்ட இலையுதிர் காலத்தில்தான் அந்த ஆறு பேர் கேமராவோடு திரிந்தார்கள். முதல் சட்டம் யார் சுட்டான் என்று கேட்காதே என்றது. இரண்டாவது, எந்த வீடு யாருடையது என்ற கேள்வியையே கரைத்துவிட்டது. நடுவில் எடுத்த படங்களில் சுட்ட தடமும் இருக்கிறது, வீடும் இருக்கிறது.

117ஆம் எண் சட்டத்தின் வழியில் 1994இல் உருவான கம்பெனியின் பெயர் சொலிடேர். ரஃபிக் ஹரீரி 1992இல் பிரதமரானவர், சொலிடேர் என்றாலே லெபனானில் அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். நடுப்பகுதியில் பழுதுபார்க்கத் தகுந்தவை என்று ஒரு தொகுதிக் கட்டடங்களை வைத்துக்கொண்டு, மற்றதைத் தரைமட்டமாக்கினார்கள். பழைய சூக்குகள், அதாவது கடைத்தெருக்கள், போனதில் முக்கியமானவை. அந்த இடத்தில் ரஃபேல் மொனியோ என்ற ஸ்பானியக் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் புதிய கடைவளாகம் 2009இல் திறந்தது, பெயர் மட்டும் பழையபடி பெய்ரூட் சூக்குகள். போர் இடித்ததைவிட புல்டோசர் இடித்ததுதான் அதிகம் என்று அந்த ஊர்க் கட்டடக் கலைஞர்கள் பலர் இன்றும் குற்றம் சொல்கிறார்கள். கடற்கரையோரம் இருக்கும் செயிண்ட் ஜார்ஜ் ஓட்டலின் முகப்பில் 'சொலிடேரை நிறுத்து' என்ற பெரிய பதாகை வருடக்கணக்காகத் தொங்கியது. 2005 பிப்ரவரி 14 அன்று ஹரீரி குண்டு வைத்துக் கொல்லப்பட்டதும் அந்த ஓட்டலின் வாசலில்தான்.

இதில் ஒரு முரண் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆறு பேரின் பயணத்துக்குப் பணம் கொடுத்தது ஹரீரி அறக்கட்டளை. இடிக்கப்போகிற கையே இடிபாட்டைப் படமெடுக்கவும் காசு கொடுத்திருக்கிறது. 'பாருங்கள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும், எல்லாவற்றையும் சமமாக்கிப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்' என்று சொல்லவும் இதே படங்களைக் காட்டலாம். இடிக்கத்தானே போகிறார்கள் என்ற நினைப்போடு மேலோட்டமாகவும் எடுத்திருக்கலாம். பாசிலிக்கோ அப்படி எடுக்கவில்லை. அவருடைய படங்களில் கட்டடங்கள் பிணமாகக் கிடக்கவில்லை, நிற்கின்றன. எலும்புக்கூடு உறுதியாக இருக்கிறது, தளங்கள் இருக்கின்றன, கதவும் ஜன்னலும்தான் இல்லை. வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள், வந்து கதவு மாட்டிக் குடியேறப் போகிறார்கள் என்பதுபோல. இது என் வாசிப்புதான். ஆனால் கட்டடங்களையே பார்த்துப் பழகிய கண்ணால் சொல்கிறேன், அந்தப் படங்களில் உள்ள பல முகப்புகள் பழுதுபார்க்கக்கூடியவை. அதற்கு அந்தப் படங்களே சாட்சி. பின்னால் அந்தத் தெருக்கள் காணாமற்போனபோது, அவை எப்படி இருந்தன என்பதற்கு மிஞ்சிய ஆதாரங்களில் முக்கியமானவையாக இந்தப் படங்கள் ஆகிவிட்டன.

அதனால் நான் நம்புவது: இடிபாட்டுப் படம் நடந்த போருக்குச் சாட்சி சொல்வதைவிட, அதன்பின் வரும் சமாதானத்துக்கு எதிராகத்தான் கூடுதலாகச் சாட்சி சொல்கிறது. யாருடைய இடம், எவ்வளவு மிஞ்சியது, மிஞ்சியதை யார் அழித்தார்கள் என்ற கேள்விகள் சண்டை நின்ற பிறகே எழுகின்றன.

செத்தவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். பெய்ரூட்டில் அதைவிடச் சிக்கலான கேள்வி காணாமற்போனவர்கள். சுமார் 17,000 பேர் என்ற எண் அங்கே புழங்குகிறது. அவர்களைத் தேடும் குடும்பங்கள் 1982இல் ஒரு குழுவாகச் சேர்ந்தன. கணவரைப் பறிகொடுத்த வதாத் ஹல்வானி அதைத் தொடங்கினார். அந்தத் தாய்மார்களும் மனைவிமார்களும் போராட்டத்துக்கு ஏந்தி வருவது என்ன? அடையாள அட்டைக்கு ஸ்டுடியோவில் எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. காணாமற்போனவர்களைத் தேட ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம், 105ஆம் எண், 2018இல்தான் வந்தது. குழு தொடங்கி முப்பத்தாறு வருடம் கழித்து. போர் புகைப்படக்காரர் எவரும் அந்த முகங்களை எடுக்கவில்லை. தெருமுனை ஸ்டுடியோக்காரர் எடுத்தார்.

அப்படி ஒரு ஸ்டுடியோ பசுமைக் கோட்டின் மேலேயே இருந்தது. சோதேக்கோ சந்திப்பில் மூலைக்கு நிற்கும் மஞ்சள் கட்டடம், பரக்காத் குடும்பத்துடையது. யூசுஃப் அஃப்திமுஸ் 1924இல் வடிவமைத்தார். மூலையில் திறந்த தூண் மண்டபம், உள்ளே அறைக்குப் பின் அறையாக ஊடுருவிப் பார்க்கலாம். குடும்பம் காற்றாட உட்காரக் கட்டிய அமைப்பு. துப்பாக்கிக்காரனுக்கு அது வேறு மாதிரி உதவியது: பின்னறை இருட்டில் மணல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, தூண்களின் இடைவெளி வழியே தெருச் சந்திப்பைச் சுடலாம், வெளியிலிருந்து அவனைப் பார்க்க முடியாது. போருக்குப் பிறகு அதையும் இடிக்கத்தான் இருந்தார்கள். மோனா ஹல்லாக் என்ற கட்டடக் கலைஞர் விடாப்பிடியாக நின்று தடுத்தார். 2003இல் நகராட்சி அதைக் கையகப்படுத்தியது, இன்று பெய்த் பெய்ரூட் என்ற பெயரில் நினைவகமாக, துளைகளோடு நிற்கிறது. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 'ஃபோட்டோ மாரியோ' என்று ஒரு ஸ்டுடியோ இருந்திருக்கிறது. ஹல்லாக் அங்கே குப்பைக்குள் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களைக் கண்டெடுத்தார். கல்யாண ஜோடி, தலை வாரிய பையன், புது மீசை வைத்த வாலிபன். பெயர் எதுவும் இல்லை. அவற்றைப் பிரதி போட்டு மக்கள் முன் வைத்து, இவர் யார் என்று தெரிகிறதா என்று கேட்டார்.

சுவரா மனிதரா என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் அந்தக் கட்டடம்தான். மேலே துளைத்த சுவர், கீழே முகங்கள். இடிபாட்டை எடுக்கப் போகிறவர் கேமராவை எடுப்பதற்கு முன்பு, அந்தத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் யார், அவருடைய நெகட்டிவ்கள் எங்கே என்று விசாரிக்க வேண்டும். தாம் எடுக்கும் நூறு படத்தைவிட அந்த ஒரு பெட்டி பெறுமதியானதாக இருக்கலாம். ஆறு பேரில் ஊர்க்காரரான எல்கூரி பின்னால், 1997இல், அரபுப் படிம அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். குடும்பங்களிலும் ஸ்டுடியோக்களிலும் கிடக்கும் பழைய படங்களைச் சேர்த்துக் காப்பதுதான் அதன் வேலை. ஊர்க்காரர் அந்தப் பக்கம் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அழகைப் பற்றி. அழகாக இருப்பது குற்றமில்லை, பொய்யாக இருப்பதுதான் குற்றம். இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். நம் நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் பிரிட்டிஷ் படை சுமார் இரண்டாயிரம் சிப்பாய்களைக் கொன்றது. ஃபெலிச்சே பியாத்தோ என்ற புகைப்படக்காரர் அங்கே போய்ப் படமெடுத்தது மறு வருடம், மாதங்கள் கழித்து. அவர் படத்தில் இடிந்த மாளிகையின் முன்னால் மண்டை ஓடும் எலும்புமாகச் சிதறிக் கிடக்கின்றன. படத்துக்காகவே அவற்றைப் பரப்பி வைத்தார் என்று சொல்கிறார்கள். அந்தப் படம் அழகாக இல்லை, கொடூரமாக இருக்கிறது. ஆனால் ஜோடனை. பாசிலிக்கோவின் படம் அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு கல்லைக்கூட நகர்த்தி வைத்ததாகத் தெரியவில்லை. எதை நம்புவீர்கள்?

ஜோடிக்காமலேயே கதை சொல்ல வைக்கிற படமும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சுக்குப் பிறகு ரிச்சர்ட் பீட்டர் என்ற புகைப்படக்காரர் நகரமன்றக் கோபுரத்தில் ஏறி எடுத்தது. முன்னால் ஒரு கற்சிலை கை நீட்டிக் குனிகிறது, கீழே கண்ணுக்கெட்டிய வரை கூரையில்லாத நகரம். பார்த்தவர்கள் எல்லாம் அதைத் தேவதை என்றே நினைக்கிறார்கள். தேவதை இல்லை, 'நன்மை' என்ற நற்குணத்துக்கு வடித்த உருவம். படம் என்னவோ மகத்தானதுதான். ஆனால் உயரத்திலிருந்து பார்த்தால் எந்த ஊரும் பொதுவாகிவிடும். யார் வீடு, எந்தத் தெரு என்பது போய் 'மனிதகுலத்தின் துயரம்' ஆகிவிடும். இன்று டிரோன் வைத்திருக்கிற எல்லோரும் அதே கோபுரத்தில்தான் ஏறுகிறார்கள். நான் இறங்கச் சொல்வேன். பாசிலிக்கோவும் மாடிகளில் ஏறி எடுத்திருக்கிறார், ஆனால் அவர் படங்களில் மனதில் நிற்பவை தெருவில் நடக்கிறவர் கண் உயரத்தில் எடுத்தவை.

மனிதர்களை எடுக்க வேண்டிய நேரமும் வரும். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று யொஷிதோ மத்சுஷிகே என்ற உள்ளூர்ப் பத்திரிகைப் புகைப்படக்காரர் மியுகி பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எரிந்த தோலோடு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சுமார் இருபது நிமிடம் அவரால் ஷட்டரை அழுத்த முடியவில்லை. இரண்டு ரோல் கையில் இருந்தும், அந்த நாள் முழுக்கச் சேர்த்து நமக்கு மிஞ்சியவை ஐந்து படங்கள். அவற்றில் ஆள் அடையாளம் தெரியும் முகம் அனேகமாக இல்லை, முதுகுகள்தான். அந்த ஐந்தும் போதும். ஐம்பது எடுத்திருந்தால் கூடுதலாக எதுவும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இனி, போகிறவருக்கு. ஒரு நில அளவையர் மாதிரி போகச் சொல்வேன், கவிஞர் மாதிரி அல்ல. கவிதை தானாக வரும், அளவு தானாக வராது. தெருவின் ஒரு முனையில் தொடங்கி ஒரு வீட்டையும் விடாமல் மறுமுனை வரை முகப்புகளை நேருக்கு நேராக எடுங்கள், இடியாத வீட்டையும் சேர்த்து. இடியாதது பக்கத்தில் இருந்தால்தான் இடிந்ததன் அளவு தெரியும். கதவு எண், கடைப் பலகை, தெருப் பெயர்ப் பலகை இவற்றை விட்டுவிடாதீர்கள். கிழக்கு பார்த்த வரிசையைக் காலையிலும் மேற்கு பார்த்ததை மாலையிலும் எடுங்கள். தேதியையும் நேரத்தையும் கையால் எழுதி வையுங்கள், கேமராக் கடிகாரத்தை நம்பாதீர்கள். நிழலின் நீளத்தை வைத்து நேரத்தைச் சரிபார்க்க முடியும் என்பதால், தரையில் விழும் நிழலைச் சட்டகத்துக்குள் விட்டுவைப்பது நல்லது. மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். இடிக்கப்போகிற ஒரு பழைய வீதியை முன்பு ஒருமுறை எடுத்தேன், போர் ஒன்றும் இல்லை, சாலை அகலப்படுத்தல்தான். திண்ணைத் தூண், கம்பிக் கிராதி, விளக்கு மாடம் என்று கண்ணுக்கு அழகாகப் பட்டதை எல்லாம் அள்ளினேன். கதவு எண் ஒன்றைக்கூடக் குறிக்கவில்லை. பிறகு நஷ்டஈட்டு வழக்குக்காக ஒரு பெரியவர் வந்து, எங்கள் வீட்டுத் திண்ணை எத்தனை அடி வெளியே இருந்தது என்று உங்கள் படத்தில் தெரியுமா என்று கேட்டார். படத்தில் திண்ணை இருந்தது. அது அவர் வீட்டுத் திண்ணைதானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெடிக்காத குண்டு, கண்ணிவெடி, தொங்கும் தளம் மூன்றும் கொல்லும். ஊர்க்காரர் யாராவது முன்னால் நடக்காத இடத்தில் காலை வைக்காதீர்கள். ராணுவச் சோதனைச் சாவடியைத் தெரியாத்தனமாகச் சட்டகத்துக்குள் விட்டால் கேமரா போகும். சண்டை இன்னும் நடக்கிற ஊர் என்றால் படத்தை உடனே வெளியிட வேண்டாம், கோப்பில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை அழித்துவிடுங்கள். குண்டு விழுந்த இடத்தைச் சரியாகக் காட்டுவது, அடுத்த குண்டைத் திருத்தி வீசுகிறவனுக்கு உதவக்கூடும்.

கறுப்பு வெள்ளையா கலரா என்று பலரும் கேட்பார்கள். பெய்ரூட்டை நாம் கறுப்பு வெள்ளையில்தான் நினைக்கிறோம், ஆனால் பாசிலிக்கோ 1991இல் கொஞ்சம் கலரிலும் எடுத்திருக்கிறார். அதில்தான் மணற்கல்லின் மஞ்சளும் இடுக்கில் முளைத்த செடியின் பச்சையும் தெரிகின்றன. நான் கலரில் எடுக்கச் சொல்வேன். கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் பழைய காலம் ஆக்கிவிடுகிறது.

அப்புறம், திரும்பப் போக வேண்டும். பாசிலிக்கோ 2003இல் போனார், அதற்கப்புறமும் போனார். 2013இல் இறந்தார். முதல் தடவை எடுப்பது பாதி வேலைதான்.

பெய்ரூட்டில் இந்த வாதம் இன்னும் முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது போர் இல்லை, ஆனால் அடுத்து நடந்தது பழைய கதைதான். வெடிப்பைத் தாங்கி நின்ற தானியக் கிடங்கின் கான்கிரீட் உருளைகளை இடித்துவிட 2022 ஏப்ரலில் அரசு முடிவெடுத்தது. செத்தவர்களின் குடும்பங்கள் கூடாது என்றன, அது எங்கள் சாட்சி என்றன. அந்த ஜூலையில் உள்ளே புளித்த தானியம் தீப்பிடித்து, வடக்குப் பக்க உருளைகள் சரியத் தொடங்கின. ஒரு பகுதி விழுந்த நாள், வெடிப்பின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளான ஆகஸ்ட் 4. தெற்குப் பக்க உருளைகள் அதற்குப் பிறகும் நின்றன. அமோனியம் நைட்ரேட் வெடித்த கிடங்கு இந்த உருளைகளுக்குக் கிழக்கே இருந்ததால் பிய்ந்த முகமும் கிழக்கு பார்த்தது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது போனால், காலையில் போகச் சொல்லுங்கள்.